17 நட்டுக்கு 21 ஸ்பேனர்

புது லேப்டாப் வாங்கிவிட்டால் பழைய வேலையெல்லாம் பறக்கும் என்று கடைக்காரர் சொல்ல வேண்டியதே இல்லை, வாங்குகிறவர்களே நம்பிக்கொள்கிறார்கள். கடைசி வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் அந்தப் பெண்ணும் நம்பினாள். பழைய கம்ப்யூட்டரில் முந்தின நாள்வரை ஓடிய ஆண்ட்ராய்டு ஆப், புதியதில் பில்டே ஆகவில்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. திங்கட்கிழமை கல்லூரியில் ஓட்டிக்காட்ட வேண்டும்.

அப்பா பஸ் டிப்போ மெக்கானிக். லேப்டாப் வந்தது தவணையில். "பெட்டியில கோளாறாம்மா? கடையில குடுத்து மாத்திருவோமா? இன்னும் ரெண்டு நாள் டைம் இருக்கு" என்று பில்லைத் தேடி எடுத்தார்.

முதல் பிழை சின்னது. பென் டிரைவில் மொத்த ஃபோல்டரையும் அள்ளி வந்ததில், 'லோக்கல் டாட் பிராப்பர்ட்டீஸ்' என்ற ஃபைலும் சேர்ந்து வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு எஸ்டிகே எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஃபைல் அது. பழைய வீட்டு விலாசத்தை வைத்துக்கொண்டு புது வீட்டைத் தேடினால்? ஒரு வரியைத் திருத்தினாள், சரியானது.

அடுத்ததுதான் பாடாய்ப் படுத்தியது. 'கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65, ஆதரவு இல்லை' என்றது கிரேடில். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை அழித்து மறுபடி ஏற்றினாள். டேட்டா காலியானதுதான் மிச்சம். பிழைச் செய்தியை நிதானமாகப் படிக்காமல் எதையாவது அழித்துப் போடுவது எல்லோருக்கும் வரும் வியாதி.

அந்த 65-லிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு எண் கிடைத்துவிடும்: 21. புதுக் கம்ப்யூட்டரில் அவள் ஏற்றியது ஜாவா 21. புராஜெக்டில் இருந்ததோ கிரேடில் 8.0. ஜாவா 21-இல் ஓட கிரேடில் 8.5-ஆவது வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் ஜாவா 17 இருந்ததால் சண்டை இல்லை.

"அதானே, 17 நட்டுக்கு 21 ஸ்பேனர் போட்டா வழுக்கத்தான் செய்யும். ஸ்பேனர் மேல தப்பில்லையே" என்றார் அப்பா.

கிரேடிலையே உயர்த்தலாம். ஆனால் ஒன்றை உயர்த்தினால் இன்னொன்று முறைக்கும். இரண்டு நாளில் தேர்வை வைத்துக்கொண்டு அந்த வம்பு எதற்கு? ஜாவா 17-ஐ ஏற்றி, 'ஜாவா ஹோம்' என்ற அமைப்பை அதன் பக்கம் திருப்பினாள். மறுபடியும் அதே 65! திறந்தே கிடந்த கட்டளைச் சாளரத்துக்கு மாற்றம் தெரியாது. மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தாள். தேவையானதையெல்லாம் முதலிலிருந்து இறக்கிக்கொண்டு, அப்பாவின் போன் டேட்டாவையும் தின்றுவிட்டு, பில்ட் முடிந்தது.

புராஜெக்டின் 'ரீட்மீ' ஃபைலில் 'ஜாவா 17' என்று ஒரு வரி சேர்த்தாள்.

"உள்ள எழுதினா யாருக்குத் தெரியும்? பெட்டி மேலயே ஒட்டிரு" என்றபடி பில்லை மடித்து பீரோவில் வைத்தார் அப்பா.