விட்டுக் கொடுக்கும் வில்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவனுக்கு இரண்டு வகைச் சிநேகிதர்கள் வந்து வாய்க்கிறார்கள். முதல் வகையார், "இந்தத் தகரத்தை இன்னுமா கட்டிக்கொண்டு அழுகிறீர்? வந்த விலைக்குத் தள்ளிவிடும், ஓய்!" என்று உபதேசம் செய்கிறவர்கள். இரண்டாம் வகையார், "ஆகா! இதில் ஒரு திருகாணியைக்கூட மாற்றிவிடாதீர்! மாற்றினால் மகா பாவம்!" என்று எச்சரிக்கிறவர்கள். முதல் வகையாரிடமிருந்து தப்புவது சுலபம். வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் வாயை மூடிக்கொண்டுவிடுவார்கள். இரண்டாம் வகையாரிடமிருந்து தப்புவதுதான் கஷ்டம். ஏனெனில், அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. சென்ற வருஷம் என் வண்டியின் பின்புறத்து வில்லை நான் மாற்றத் துணிந்தபோது, அந்தப் பாதி நியாயத்தோடு மல்லுக்கு நிற்க நேர்ந்தது. அந்த விவகாரத்தைத்தான் நேயர்களின் முன் வைக்கப் போகிறேன்.

என் வண்டி 1966-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. என் தகப்பனார் வாங்கியது. இங்கிலாந்தில் 1959-ல் வெளியான டிரையம்ப் ஹெரால்டுக்கு இது உடன்பிறப்பு. அதற்கு உருவம் வகுத்துக் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. 1961 முதல் அதைச் சென்னையிலேயே செய்து விற்கத் தொடங்கினார்கள். 948 சி. சி. எஞ்சின், இரண்டே கதவுகள். பின் ஆசனத்துக்குப் போக வேண்டுமானால் முன் ஆசனத்தை மடக்கிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். எங்கள் பாட்டி அவ்விதம் நுழைந்து உட்காருவதற்குள் கோயிலில் உச்சிகால பூஜையே முடிந்துவிடும். ஆனாலும் அதற்கு ஈடாக எத்தனை சௌகரியங்கள்! முன்மூடி முழுவதும், சக்கரங்களின் மேல் வளைவுகளோடு சேர்ந்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின்மேல் சாவதானமாக உட்கார்ந்து வேலை செய்யலாம். 25 அடி அகலம் இருந்தால் போதும், வண்டி ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மற்ற வண்டிகள் பின்னுக்கும் முன்னுக்கும் தத்தளிக்கும் இடங்களில் இது நாட்டியப் பெண்ணைப் போல் ஒரே சுற்றில் திரும்பிவிடும்.

இவ்வளவு பெருமைகளும் வண்டியின் முன்பாதியைச் சேர்ந்தவை. விவகாரம் இருப்பது பின்பாதியில்.

மாட்டு வண்டியை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரே அச்சு, அதன் இரு முனைகளிலும் இரு சக்கரங்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றச் சக்கரமும் சாய்கிறது. உள்ளே இருப்பவர்களின் தலைகளும் ஒன்றோடொன்று முட்டிக் கொள்கின்றன. இந்தத் துன்பத்தைத் தீர்க்க வியன்னாவில் பிறந்த எட்மண்ட் ரும்ப்ளர் என்பவர் 1903-ல் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். அச்சை நடுவில் இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியும் நடுவிலுள்ள மூட்டிலிருந்து பறவையின் சிறகு போல் மேலும் கீழும் அசையும்படி செய்தார். ஒரு சக்கரம் குதித்தால் மற்றது அதைப் பொருட்படுத்தாது. ஹெரால்டின் பின்புறமும் இந்தச் சிறகு அச்சுதான். நடுவில் டிபரன்ஷியல் பெட்டி சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அதன் தலையில் பல பட்டைகளை அடுக்கிய வில் ஒன்று குறுக்கே படுத்து, இரு பக்கத்துச் சக்கரங்களையும் தாங்குகிறது. 1959-ல் ஒரு சிறிய பிரிட்டிஷ் குடும்ப வண்டிக்கு இது அபூர்வமான பாக்கியம்.

ஆனால் சிறகு மேலும் கீழும் அசையும்போது அதன் நுனியிலுள்ள சக்கரமும் சாய்கிறது அல்லவா? அங்கேதான் அபாயம் ஒளிந்திருக்கிறது. வண்டி வளைவில் வேகமாகத் திரும்பும்போது, வெளிப்பக்கத்துச் சக்கரத்தைச் சாலை பக்கவாட்டில் உந்துகிறது. அந்த உந்தல் தரைமட்டத்தில். மூட்டு இருப்பதோ மேலே. ஆகையால் அது வண்டியின் பின்பாகத்தை நெம்புகோல் போல் மேலே கிளப்பப் பார்க்கிறது. உடல் மேலே எழுந்தால் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்குகிறது. செருப்பு வழுக்கிக் கணுக்கால் மடங்குவதைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். கணுக்கால் மடங்கினால் மனிதன் நிற்க முடியுமா? டயரின் பிடி சட்டென்று குறைகிறது. பின்பாகம் வெளியே வீசுகிறது.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும், பிரேக்கை மிதித்தாலும், வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின்பாகம் இன்னும் உயர்கிறது. சக்கரம் இன்னும் மடங்குகிறது. அதாவது, ஆபத்தைக் கண்டு மனிதன் இயல்பாகச் செய்யும் காரியம் எதுவோ, அதுவே ஆபத்தைப் பெருக்குகிறது!

இந்தக் குணம் ஒரு கம்பெனிக்கோ ஒரு தேசத்துக்கோ உரியதல்ல. ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன், மெர்ஸிடிஸ் வண்டிகளிலும் சிறகு அச்சு இருந்தது. அமெரிக்காவில் 1960-ஆம் வருஷத்து மாடலாக வந்த ஷெவர்லே கோர்வேரிலும் இருந்தது. 1965-ல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் கோர்வேரைப் பற்றியதுதான். அந்த வண்டி, அக்காலத்து மற்ற வண்டிகளைவிட மோசமானதல்ல என்று 1972-ல் அமெரிக்க அரசாங்கத்தின் பாதுகாப்பு இலாகா தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் அதற்குள் கம்பெனியாரே 1965-ஆம் வருஷத்து மாடலில் அச்சின் அமைப்பை மாற்றிவிட்டார்கள்.

என் தகப்பனார் முப்பது வருஷங்களுக்கு மேல் இந்த வண்டியை ஓட்டினார். ஒரு நாளும் ஒரு கீறலும் விழுந்ததில்லை. அதற்குக் காரணம் அவர் வைத்திருந்த ஒரு சூத்திரம்: "வளைவுக்கு முன்னாலேயே யோசித்துவிடு, வளைவுக்குள் போய் யோசிக்காதே." வேகத்தைக் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்பே. உள்ளே புகுந்தபின் ஆக்ஸிலரேட்டரில் கால் மிருதுவாகப் படிந்திருக்கும். அக்காலத்துச் சாலையும் அவருக்கு உதவி செய்தது. மணிக்கு நாற்பது மைல் போனாலே காற்று வேகம், மனோ வேகம் என்பார்கள்.

இன்றோ, நான்கு வரிசைச் சாலையில் நமக்குப் பின்னால் வரும் லாரியே அறுபது மைலுக்குக் குறைவாக வருவதில்லை. வண்டி மாறவில்லை, சாலை மாறிவிட்டது. ஓட்டுகிறவர்களும் மாறிவிட்டார்கள். என் மகள் லைசென்ஸ் வாங்கிய மறுநாள், "அப்பா, தாத்தா வண்டியை நானும் ஓட்டலாமா?" என்று கேட்டாள். அவள் பழகியது புதுக் காரில். அதில் வளைவில் பயம் தோன்றினால் காலை எடுத்துவிடலாம். வண்டி சாதுவாக அடங்கும். தாத்தாவின் சூத்திரத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், சொல்லியும் கொடுத்தேன். ஆனால் சாலையின் குறுக்கே திடீரென்று ஒரு மாடு வந்து நின்றால், ஞாபகம் வருவது சூத்திரமா, சுபாவமா? ஓட்டுகிறவர் ஒருநாளும் திடுக்கிடக் கூடாது என்ற நிபந்தனையின்மேல் நிற்கும் பத்திரம், பத்திரமே அல்ல. பெண்ணின் சுபாவத்தை மாற்றுவதைவிட வண்டியின் சுபாவத்தை மாற்றுவதே உசிதம் என்று தீர்மானித்தேன்.

மாற்றுவதற்கு மூன்று வழிகள் இருந்தன. முதல் வழியைச் சென்னைத் தொழிற்சாலையார் தாங்களே காட்டினார்கள். 1972-ல் ஹெரால்டை மாற்றியமைத்து 'கெஸல்' என்ற பெயரில் வெளியிட்டபோது, சிறகு அச்சை அடியோடு நீக்கிவிட்டுப் பழைய மாதிரி ஒற்றை அச்சையே வைத்துவிட்டார்கள். நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கு அது பிடித்தமாகவும் இருந்தது. ஆனால் அது, தலைவலிக்குத் தலையையே மாற்றும் வைத்தியம். இரண்டாவது, 1968-ல் டிரையம்ப் கம்பெனியார் தங்கள் வேக வண்டிகளான ஜி. டி. 6, விட்டெஸ் இரண்டிலும் செய்தது. சக்கரத்தின் கீழ்ப்புறத்தை ஒரு தனிக் கையால் பிடித்து, ரப்பர் மூட்டுகள் வைத்து, சாய்வே அதிகம் நேராதபடி கட்டினார்கள். சிலாக்கியமான வழி, ஆனால் சட்டத்தையே வெட்டி ஒட்ட வேண்டும், செலவும் என் சக்திக்கு மேற்பட்டது.

மூன்றாவது வழி, 1970-ல் வந்த நான்காம் மார்க் ஸ்பிட்ஃபயர் வண்டியில் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. வண்டி தள்ளாடினால் நாம் என்ன செய்வோம்? வில்லை இன்னும் கெட்டியாக்குவோம். அவர்கள் அதைத் தளர்த்தினார்கள்! பழைய ஏற்பாட்டில் எல்லாப் பட்டைகளும் டிபரன்ஷியல் பெட்டியின் தலையில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தன. புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றவற்றை நடுவில் ஒரு முளையின்மேல் தராசுக் கோல் போல் ஆட விட்டார்கள். வண்டி பள்ளத்தில் குதித்தால் எல்லாப் பட்டைகளும் சேர்ந்து தாங்கும். வண்டி வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தால், தராசுக் கோலும் கூடவே சாய்ந்து விட்டுக் கொடுக்கும். பாரம் முழுவதும் வெளிச் சக்கரத்தின் தலையில் விழாமல் இரண்டும் பங்கிட்டுக் கொள்ளும். ஆகவே, பின்பாகத்தைக் கிளப்பும் நெம்பலும் குறைந்து போகும்.

பழைய வண்டிகளின் உறுப்புகளை விற்கும் ஓர் இங்கிலாந்துக் கடையிலிருந்து வில் கப்பலேறி வந்தது. பிரித்துப் பார்த்த எங்கள் மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். லாரிகளுக்குக் கமான் பட்டை கட்டியே தலை நரைத்தவர் அவர்.

"ஸார், பின்னாலே ஆட விட்டால் வண்டி படகு மாதிரி சாயாதா?" என்று கேட்டார்.

"சாயும், மேஸ்திரி. அதனால்தான் முன்பக்கத்துக்கு இதுவும் வந்திருக்கிறது" என்று, முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் தடித்த ஆன்ட்டி ரோல் பாரை எடுத்துக் காட்டினேன். பின்னால் குறைத்த விறைப்பை முன்னால் கூட்டினால் கணக்குச் சரியாகிவிடும்; பின்னால் மட்டும் தளர்த்திவிட்டு நிறுத்தினால் அரைகுறை வைத்தியம். மேஸ்திரி ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்படிச் சொல்லுங்கள்! கூட்டுக் குடும்பக் கணக்கு. ஒருத்தர் விட்டுக் கொடுத்தால் இன்னொருத்தர் தாங்கணும்" என்றார்.

வேலை இரண்டு நாள் நடந்தது. பின் ஆசனத்தைக் கழற்றி, அதன் பின்னாலுள்ள மூடியைத் திறந்து, வண்டியைத் தாங்கிகளின்மேல் நிறுத்தி, வில்லின் இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். இறுக்கம் அடங்காத வில்லின் அருகில் அவசரம் கூடாது. சக்கரத்தோடு வில்லைச் சேர்க்கும் போல்டுகள் துருவேறி ஐக்கியமாகிப் போயிருந்தன. அவற்றை அசைப்பதற்கே முதல் நாள் சரியாகப் போயிற்று. ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்ஸார்பர்களையும் கையோடு புதுப்பித்தோம். புதிய வில்லில் வண்டி பின்புறம் சற்றே தணிந்து நின்றது. சக்கரங்களின் மேல்முனை உள்ளேயும் அடி வெளியேயும் இலேசாகச் சாய்ந்திருந்தன, சிலம்பக்காரன் காலை அகட்டி நிற்பது போல.

ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் பரீட்சை நடந்தது. மணிக்கு முப்பது மைல் வேகத்தில் வளைந்து, நடுவில் வேண்டுமென்றே காலை எடுக்கும்படி மகளிடம் சொன்னேன். மேஸ்திரி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து சக்கரத்தையே உற்றுப் பார்த்தார். மூன்று சுற்று ஆனதும் எழுந்து வந்து, "கால் மடங்கவே இல்லை, ஸார்! அகட்டினபடியே நிற்கிறது" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் தேவையில்லை.

இரண்டாம் வகைச் சிநேகிதர் ஒருவர் மறுநாளே வந்துவிட்டார். குனிந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"அசல் போய்விட்டதே, ஓய்! இனிமேல் இது உம் தகப்பனார் வண்டியா?"

அந்தப் பாதி நியாயத்துக்கு நான் கடன்பட்டவன்தான். ஆகையால் அவரைப் பரணுக்கு அழைத்துப் போய், எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய வில்லைக் காட்டினேன். சட்டத்தில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. எந்தச் சந்ததியாராவது விரும்பினால் இரண்டே நாளில் பழையபடி ஆக்கிக் கொள்ளலாம். "என் தகப்பனார் வண்டி வைத்திருந்தது குடும்பத்தைப் பத்திரமாக வீடு கொண்டு சேர்ப்பதற்கு. அந்த அசலைத்தான் நான் காப்பாற்றியிருக்கிறேன்" என்றேன். சிநேகிதர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால், காப்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். வில்லை மாற்றியதால் என் தகப்பனாரின் சூத்திரம் ரத்தாகிவிடவில்லை. புதிய வில் ஒரு தவறை மன்னிக்கும்; ஆணவத்தை மன்னிக்காது. ஆகையால் மகளிடம் சாவியைக் கொடுக்கும்போதெல்லாம் சூத்திரத்தையும் சேர்த்தே கொடுக்கிறேன். "தெரியும் அப்பா!" என்று அவள் சலித்துக் கொள்கிறாள். சலித்துக் கொண்டாலும், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறாள்.