என் கணவரும் ஒரு நர்ஸ்தான்!

"உங்க வீட்டுக்காரர் மிலிட்டரியிலே துப்பாக்கி பிடிச்சாரா, ஊசி போட்டாரா?" என்று எங்கள் தெருவில் இன்னமும் என்னைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஊசிதான் போட்டார். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்ஸிங் அசிஸ்டென்ட், லக்னோவில் பயிற்சி. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போவது அதிசயமில்லை. ஆனால் பட்டாளத்தில் 'நர்ஸ்' என்றால் ஒரு சிரிப்பு!

1999-ல் கார்கில் சண்டையின்போது அவர் திராஸ் பகுதியில் இருந்தார். என் கையில் ஐந்து மாதக் குழந்தை. கடிதம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் டி.வி. செய்திதான். ஊர் திரும்பிய பிறகும் வெகுநாள் அவர் வாயே திறக்கவில்லை. நான் கீரை ஆயும்போதும் துணி மடிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதுதான் இதெல்லாம்.

குண்டு பட்டதும் டாக்டர் ஓடிவருவது சினிமாவில்தானாம். முதல் வைத்தியம் பக்கத்தில் இருக்கிற சிப்பாயின் கையால்தான். ஒவ்வொருவர் உடுப்பிலும் சுத்தம் செய்து மூடிய கட்டுத்துணிப் பொட்டலம் ஒன்று இருக்கும். அடிபட்டவனுக்கு அவனுடைய பொட்டலத்தைத்தான் பிரித்துக் கட்ட வேண்டும், தன்னுடையதை எடுக்கக் கூடாது.

"ஏங்க, அதிலே என்ன கணக்கு?" என்றேன்.

"அடுத்த குண்டு எனக்கு வந்தா?" என்றார். கீரை என் கையிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் கீழே இறக்க வேண்டும். டைகர் ஹில் 16,000 அடிக்கு மேலே. செங்குத்தான சரிவில் வண்டி ஏது, ஹெலிகாப்டர் இறங்க இடம் ஏது? பகலில் அசைந்தால் எதிரி சுடுவான். ஆகவே இருட்டில், ஸ்ட்ரெச்சரில், தோள்மாற்றித் தோள்மாற்றி. கால் முன்னால், தலை பின்னால். தலைமாட்டில் பிடிக்கிறவன் அடிபட்டவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். மூச்சு மாறினால் அவனுக்குத்தான் முதலில் தெரியும். பட்டாலியன் டாக்டர் இருக்கும் முதலுதவி நிலையம், அதற்குக் கீழே அடுத்த நிலையம், அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஸ்ரீநகர் ராணுவ ஆஸ்பத்திரி.

குளிர் வேறு! உடம்பு ஜில்லிட்டால் ரத்தம் உறைகிற சக்தியே குறைந்துவிடுமாம். அதனால் காயத்தைக் கட்டியதும் போர்த்துவதும் வைத்தியம்தான். பிரசவமானவளைப் போர்த்திவிடுகிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. நம் வீடுகளில் அரிவாள்மணை பட்டால் காபித்தூள், மஞ்சள்தூள் என்று அப்புகிறோமே, வேண்டாம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, விடாமல் அமுக்க வேண்டும். 'நின்னுடுச்சா' என்று நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. எதிர்வீட்டுப் பையன் ஜன்னல் கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்டபோது, 108 வண்டி வருகிறவரை இருபது நிமிஷம் அப்படித்தான் அமுக்கிக்கொண்டிருந்தேன். அவன் அம்மா காபித்தூள் டப்பாவோடு பக்கத்திலேயே நின்றாள், பாவம்!

என் கணவரை உறங்கவிடாமல் செய்தது ஒரு கால். தொடையில் குண்டு பட்ட பையன். எவ்வளவு அமுக்கியும் ரத்தம் நிற்கவில்லை. காயத்துக்கு மேலே துணியைச் சுற்றி, குச்சி செருகி முறுக்கி இறுக்கிவிட்டார். இதற்கு டூர்னிக்கே என்று பெயர். ரத்த ஓட்டமே நின்றுபோவதால் காலை எடுக்க நேரலாம், கடைசி வழியாகத்தான் செய்யணும் என்றே அவர்களுக்குப் பாடம். இறுக்கிய நேரத்தைப் பையனின் நெற்றியில் பேனாவால் எழுதினார்: இரவு 2.40. கீழே போய்ச் சேர விடிந்துவிட்டது. ஹெலிகாப்டரில் ஏற்றியதோடு சரி. பிழைத்தானா, கால் மிஞ்சியதா, ஒன்றும் தெரியாது. பெயர்கூட மறந்துவிட்டது, நேரம் மறக்கவில்லை.

அந்த ஐந்து மாதக் குழந்தை இன்று நர்ஸ். போன தீபாவளிக்கு வந்தவள், அப்பாவை உட்கார வைத்துச் சொன்னாள். 2006-ல் பாக்தாதில் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில், டூர்னிக்கே போடப்பட்ட 232 பேரைக் கவனித்து எழுதியிருக்கிறார்களாம். ரத்தம் வடிந்து உடம்பு துவளுவதற்கு முன்பே போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைத்தார்கள். துவண்ட பிறகு போட்டவர்களில் பத்துப் பேர்தான். கட்டினால் மட்டுமே கால் போனவர் ஒருவருமில்லை. இப்போதெல்லாம் கை கால் காயத்தில் ரத்தம் பீறிட்டால் சிப்பாய்க்கு அதுதான் முதல் பாடமாம்.

"ஆனா அங்கே பெரும்பாலும் ரெண்டு மணி நேரத்துக்குள்ளே ஆஸ்பத்திரி போயிட்டாங்கப்பா. உங்க மலையிலே கால் போயிருக்கலாம். கட்டலேன்னா ஆளே கீழே வந்திருக்க மாட்டான்" என்றாள், ஒளிக்காமல்.

அவர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த 232 பேரும் பாதிக் கிழவனாகியிருப்பானுங்க, இல்லே?" என்று கேட்டார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார்.