ஓடம்போக்கிக் கரையில் தவில் கட்டிய சந்து

திருவாரூர் என்றதும் எல்லோருக்கும் ஆழித்தேரும் கமலாலயமும் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் வருவது ஓடம்போக்கி ஆற்றுப் பக்கம் இருந்த ஒரு குறுகலான சந்து. அங்கே சில வீட்டுத் திண்ணைகளில் தவில் கட்டிக்கொண்டிருப்பார்கள். பங்குனித் திருவிழா நெருங்கினால் சந்து முனையிலேயே ஈரத்தோலின் நெடி அடிக்கும். பெரியப்பா தவில் வாசிப்பவர். அதனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அந்த நெடிக்கு மூக்கைப் பொத்தியதில்லை.

கட்டை பலா மரத்தில் ஆனது. பல துண்டுகளை ஒட்டுவதில்லை. ஒரே மரத்துண்டை உள்ளே குடைந்து, நடுவில் சற்றுப் புடைத்திருக்கும்படி இழைப்பார்கள். வலந்தலைக்கு எருமைத்தோல், விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். இடந்தலைக்கு ஆட்டுத்தோல்; அதைச் சற்றுத் தளர்வாக விட்டு, உட்புறம் பசை பூசுவார்கள். அந்தப் பசைதான் இடப்பக்க ஒலிக்குக் கனம் தரும். தோலைத் தடித்த வளையத்தில் ஏற்றி, இரு தலைகளையும் வாரால் கோத்து இழுக்கும்போது, கட்டுகிறவர் காலைக் கட்டையில் ஊன்றிக்கொண்டு மொத்த உடம்பையும் பின்னுக்குச் சாய்ப்பார். இழுத்துவிட்டு ஒரு தட்டு, காது கொடுத்து ஒரு யோசனை, மறுபடி ஓர் இழுப்பு. பிற்பாடு எத்தனையோ கச்சேரி கேட்டுவிட்டேன். அந்தத் திண்ணையில் அவர் கேட்ட மாதிரி ஒலியைக் கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

"நாளைக்குள்ள முடிஞ்சிருமாண்ணே?" என்று பெரியப்பா அவசரப்படுவார்.

"என்னைக் கேட்டா எப்படிங்க? வெயிலைத்தான் கேக்கணும்."

உண்மைதான். தோல் காயாமல் எந்த வித்வானின் அவசரமும் அங்கே செல்லாது.

குச்சி பூவரசில் செய்வது. தவில்காரர்கள் அதைக் கழி என்பார்கள். குட்டையாக, கைக்கு அடக்கமாக, கனத்துடன் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் வாய்க்கால் கரையெல்லாம் பூவரசுதான். அதன் இலையைச் சுருட்டி நாங்கள் பீப்பீ ஊதுவோம். அதன் கிளையிலிருந்து பெரியப்பாவுக்குக் கழி வரும். ஒரே மரத்தில் நாயனமும் தவிலும் இருப்பதாக அந்த வயதில் நம்பினேன், இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. வலக்கை விரல்களுக்குக் கூடு வேண்டும். துணிக்கீற்றில் மாவுப் பசை தடவி, விரல் அளவுக்குச் சுற்றிக் காயவைப்பார்கள். காய்ந்தால் கல்லைப் போல இருக்கும். வலந்தலையில் தெறிக்கும் அந்தச் சொற்களில் பாதி இந்தக் கூட்டின் வேலை.

திருவாரூர்க் கோயிலில் பஞ்சமுக வாத்தியம் இருக்கிறது. ஒரே வெண்கலக் குடத்துக்கு ஐந்து வாய், ஐந்துக்கும் தோல். அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள், வியப்பார்கள். தோல் கோயிலுக்குள் தடையின்றிப் போனது. தோல் வேலை செய்தவர்களைத்தான் அன்றைய சமூகம் வாசலில் நிறுத்தியது. சென்னை மாகாணத்தில் 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும், நான் பார்த்தவரை, பெரியப்பாவுக்குத் தவில் கட்டிய அந்தத் திண்ணைக்காரர் தெருவில் நின்றுதான் சுவாமி புறப்பாட்டைக் கேட்பார். பார்ப்பார் என்று சொல்லவில்லை, கேட்பார். தன் தவில் எப்படிப் பேசுகிறது என்பதில்தான் அவர் கவனம் முழுக்க இருக்கும்.

இப்போது வாருக்குப் பதில் இரும்புப் பட்டையும் போல்ட்டும் வந்துவிட்டன. ஸ்பேனரால் நாலு திருகு திருகினால் தலை இறுகிவிடுகிறது. வாசிப்பவர்களுக்கு இது பெரிய உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலக் கல்யாணங்களில் தோல் தளர்ந்து பெரியப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் இழுத்துக் கட்டும் வேலை குறைந்ததும் திண்ணைகள் ஒவ்வொன்றாய்க் காலியாயின. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். சந்தில் இப்போது மாடி வீடுகள்.

தவில் வித்வான் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயர் எங்கள் பக்கத்தில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்கிறோம். அவர்கள் கைக்குத் தவில் கட்டிக் கொடுத்தவர்கள் யார்? மிருதங்கம் செய்பவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2020இல் தனி நூலே எழுதினார். தவில் கட்டுபவர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதுவரை, கச்சேரி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மேடையில் வித்வான்களின் பெயரை வாசிக்கும்போது, தவில் கட்டியவரின் பெயரையும் கேட்டு வாங்கி வாசியுங்கள், முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.