தலைவலி கண்ணிலா, பைனாகுலரிலா?

"பைனாகுலர்ல பார்த்தா தலை வலிக்குது, வயசாயிடுச்சு" என்று சொல்லி அதைப் பரணில் போட்டவர்கள் நம்மில் நாலைந்து பேராவது இருப்பார்கள். கண்ணைக் குறை சொல்லும் முன் கருவியை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

எங்கள் தெரு நண்பர் ஒருவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், சீசன் தவறாமல் வேடந்தாங்கல் போனவர். மூன்று வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை. "வேணாம் சார், கண்ணு போயிடுச்சு" என்றார். அவருடையது கிழக்கு ஜெர்மனி காலத்து கார்ல் ஜெய்ஸ் ஜெனா, 8×30. வற்புறுத்தி வாங்கி வந்தேன். சர்வே வேலையில் தியோடலைட்டோடு காலம் தள்ளியவனுக்கு லென்ஸ் என்றால் கை சும்மா இராது.

சோதனை எளிது. தூரத்து மாடியின் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல நாலைந்து அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். இரண்டு வட்டத்திலும் சுவரின் விளிம்பு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அவருடையதில் வலப்பக்கம் ஏறி நின்றது. பக்கவாட்டு விலகலைக் கண்கள் ஓரளவு சமாளித்துவிடும். மேல் கீழாக விலகினால் திணறும். தலைவலி அதனால்தான்.

எப்போதோ கீழே விழுந்திருக்க வேண்டும். ஒரு குழலுக்கு இரண்டு ப்ரிஸம். அதில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் போதும். எது எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டுதான் கழற்றினேன். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. தூசியை முதலில் ஊதிவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் லேசாக எடுத்தேன். பூஞ்சை அரித்த தடம் ஒன்று ஓரத்தில் போகவில்லை. போகட்டும், பார்வைக்கு இடைஞ்சல் இல்லை. அழுத்தித் தேய்த்தால் பூச்சுதான் போகும்.

மட்டம் சரிசெய்வதுதான் பொறுமையைச் சோதித்தது. முன் லென்ஸைச் சுற்றியுள்ள, மையம் விலகிய வளையங்களைத் திருப்பினால் லென்ஸ் இம்மியளவு நகரும். கீலை விரித்தும் மடக்கியும் பார்க்க வேண்டும். மூன்று சாயங்காலம் ஆயிற்று.

மொட்டை மாடியில் கொடுத்தேன். ஏரிப் பக்கம் வெகு நேரம் பார்த்தார். "நத்தை கொத்தி நாரை சார். அலகு நடுவுல இடைவெளி தெரியுது" என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஒன்று. பழைய அளவு இனி உதவாது. வலக் கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடக் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். பிறகு இடக் கண்ணை மூடி, வலப்பக்கக் கண்லென்ஸை மட்டும் திருகுங்கள். பெரிய 7×50 வாங்கித் தருவதாகப் பிள்ளைகள் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். வயதானால் கண்மணி அவ்வளவு விரியாது. அதிகப்படி வெளிச்சம் வீண், கழுத்துக்குச் சுமை.

தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள். அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். உறையைத் தூக்கிப் போட மனசில்லாத நம் நண்பர், அதில் பழைய மூக்குக்கண்ணாடிகளைப் போட்டு வைத்திருக்கிறார்.