படமும் பசியும்

காரியாபட்டியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சிவகாசிக் காலண்டர் ஒன்று தொங்கும். முருகனோ லட்சுமியோ முகம் மலரச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சித்திரம் என்றால் அதுதான். அதில் குறை சொல்ல நான் யார்? ஆனால், புரியாத படம் போடுகிறவனும் மூன்று வேளை சாப்பிட்டாக வேண்டுமே!

எந்தக் கலைஞனை ஊருக்கு அறிமுகம் செய்வது, எந்தப் படைப்பை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிறவருக்கு இப்போது க்யூரேட்டர் என்று பெயர். ஸ்விட்ஸர்லாந்தில், பெர்ன் நகரக் கலைக்கூடத்தின் தலைவராயிருந்த ஹரால்ட் ஸீமன் 1969-ல் வைத்த புதுமைக் கண்காட்சிக்கு எதிர்ப்புக் கிளம்பியது. அவர் பதவியை விட்டார். பிறகு தனி மனிதராகவே கண்காட்சிகள் அமைத்து உலகப் புகழ் பெற்றார்.

அந்தப் பெயர் இல்லாமலே, நம் சென்னையில் அதைவிடக் கடினமான காரியத்தைச் செய்தவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957 முதல் 1967 வரை சென்னை ஓவியக் கல்லூரி அவர் பொறுப்பில் இருந்தது. புது மாதிரிப் படங்களை விலை கொடுத்து வாங்க ஆள் இல்லாத காலம் அது. கெட்டிக்கார மாணவனும் படிப்பு முடிந்ததும் ஏதோ ஒரு வேலைக்குப் போய்விடுவான். தூரிகை பரண் ஏறிவிடும்.

பணிக்கர் ஒரு வழி கண்டார். ஓவியர்கள் கூடி, துணியில் மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலை செய்தார்கள். அந்தக் கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. வயிற்றுக்குக் கைத்தொழில், மனசுக்குப் படம். பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பையன் ஓவியம் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அவன் தகப்பனார் என்னிடம் வந்து, "அண்ணே, படம் வரைஞ்சா வயிறு நெறையுமா?" என்று கேட்டார். கேள்வியில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது.

பணிக்கர் கதையைச் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. மழையை நம்ப முடியாத இந்தப் பூமியிலிருந்து, 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததை நினைவூட்டினேன். அது அவருக்குப் பிடிபட்டது.

"அப்ப, படத்தோட ஒரு கைத்தொழிலும் கத்துக்கிடட்டும்ணே" என்றார்.

பணிக்கரும் அதைத்தானே சொன்னார்!