முதல் நாள்... பக்கத்துல யாரு?

உடுமலைப்பேட்டைக்கு எப்போ டூர் வரலாம்னு கேட்டா, திருமூர்த்திமலை அருவி, அமராவதி அணைன்னு சீசன் பார்த்துச் சொல்வாங்க. நம்ம சாய்ஸ் வேற மக்களே! ஜூன் மாசம், ஸ்கூல் திறக்கிற அன்னிக்குக் காலையில வந்து இறங்குங்க.

பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துல, ஊரைச் சுத்தியிருக்கிற காற்றாலைகள் விர்ருனு சுத்தும். அதையும் மீறி ஒண்ணாங்கிளாஸ் வாசல்ல அழுகைச் சத்தம் கேட்கும். ''அழுவாத கண்ணு... அம்மா இங்கயேதான் நிக்கறேன்!'' உலக மகா பொய் இது. நீங்களும் இதை நம்பித்தானே உள்ளே போனீங்க?

உங்க அப்பாவைக் கேட்டுப் பாருங்க, வேற கதை சொல்வார். வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொட்டா, அஞ்சு வயசு ஆச்சுன்னு அர்த்தம். பெரிய வாத்தியார் கணக்குப் போட்டு ஒரு பிறந்த தேதியை எழுதிடுவார். அந்தக் காலத்து சர்ட்டிபிகேட்டுகள்ல மே, ஜூன் பிறந்தநாள் அதிகமா இருக்கிற ரகசியம் இதுதான். இப்போ அந்த டெஸ்ட் இல்லை. 2010 ஏப்ரல்ல அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, வயசுக்குச் சான்று இல்லைன்னு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. மில் வேலைக்காக பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவங்க வீட்டுப் பிள்ளைக்கும் இதே சட்டம்தான். தமிழ் தெரியாம உட்கார்ந்திருக்கிற அந்தக் குட்டியோட முதல் நாளைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

அப்படியே அமராவதி நகர் பஸ் ஏறுங்க. 1962-ல் தொடங்கின சைனிக் பள்ளி அங்கேதான் இருக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளை டிரங்குப் பெட்டியோட ஹாஸ்டலுக்குள்ள போகும். இங்கே அழுகிறது பெரும்பாலும் அப்பாக்கள்தான்!

திருமூர்த்திமலைக்கு மேல குருமலை, குழிப்பட்டின்னு பழங்குடி ஊர்கள் இருக்கு. அந்தப் பிள்ளைகள் மேல படிக்கணும்னா மலையிறங்கி, விடுதியில தங்கணும். அவங்களுக்கு அது இன்னொரு முதல் நாள்.

ஆனா பாஸ், முதல் நாள்கூட ஈஸி. எப்படியாவது தூக்கிட்டு வந்து விட்டுடலாம். கஷ்டம் எல்லாம் ரெண்டாவது நாள்லயிருந்துதான். பசிச்ச பிள்ளை மறுநாளும் வரணுமேன்னுதான் 1956-ல் காமராஜர் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022-ல் காலை உணவுன்னு ஒவ்வொரு திட்டமா வந்தது.

1899-ல் பக்கத்துப் பூளவாடியில பிறந்த உடுமலை நாராயணகவியும் வறுமையால பள்ளிப் படிப்பைத் தொடர முடியாதவர்தான். முத்துசாமிக் கவிராயர்ங்கிற குரு கிடைச்சார். சினிமாவே கொண்டாடின பாட்டாசிரியர் ஆனார். இன்னிக்கு உடுமலையில அவருக்கு மணிமண்டபமே இருக்கு. ஆனா பாதியில நின்ன எல்லாருக்கும் ஒரு கவிராயர் கிடைக்கிறதில்லையே!

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி. முதல் நாள் உங்க பக்கத்துல உட்கார்ந்து, உங்க சிலேட்டுக் குச்சியைக் கடிச்சுத் தின்ன அந்த ஃப்ரெண்ட் எங்கே? காலேஜ் வரைக்கும் வந்தானா? இல்ல, எட்டாவதோ பத்தாவதோ முடிச்சதும் ஸ்பின்னிங் மில்லுல நைட் ஷிப்ட், பனியன் கம்பெனியில பீஸ் ரேட்டுன்னு போயிட்டானா? அவளைப் பத்தி யோசிச்சா, கல்யாணப் பத்திரிகையோட கதை முடிஞ்சுபோச்சா?

நம்பர் தேடிப் பிடிச்சு ஒரு போன் போடுங்க. பத்தாவதுல நின்னிருந்தா, தனித்தேர்வரா எழுதலாம்னு சொல்லுங்க. அப்ளிகேஷன் வாங்கிக் கொடுங்க. உங்க பழைய கணக்கு நோட்டையும் எடுத்துட்டுப் போங்க. பரீட்சை அன்னிக்கு ஹால் வாசல் வரைக்கும் போய், ''நான் இங்கயேதான் நிக்கறேன்''னு சொல்லுங்க.

சொன்ன மாதிரி நில்லுங்க!