நாரையா, உள்ளானா?

மேற்குத் தாம்பரத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் வாசிப்புக் குழுவில் ஐவர். ஒருவரும் கணினி படித்தவரல்லர். ஆயினும் சென்ற ஆண்டு கறுப்புத் திரையின் முன் அமர்ந்து ஆணைகள் எழுதக் கற்றுக்கொண்டோம். காரணம் ஒரு புத்தகம். எங்களுள் மூத்தவரான பெரியவரின் தந்தையார், சேலையூர் ஏரியைப் பற்றியும் சுற்றியிருந்த வயல்களைப் பற்றியும் எழுதித் தம் கைக்காசில் அச்சிட்ட 112 பக்க நூல். எஞ்சியிருப்பது ஒரே படி. அதன் ஓரங்களையும் பூச்சி அரித்திருந்தது.

பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்தால் எழுத்தாக மாற்றித்தர டெசராக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் உண்டு, தமிழும் அது படிக்கும் என்று அறிந்தோம். ஆனால் அதில் சுட்டிக்கு வேலையில்லை. முனையத்தைத் திறந்து ஆணையிட வேண்டும். 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் இத்தகைய பாடங்களை எளிய தமிழில் வெளியிட்டிருந்ததால் துணிவு வந்தது. 'எல்எஸ்' என்றால் அடைவில் உள்ளவற்றைப் பட்டியலிடும். 'சிடி' வேறோர் அடைவுக்குள் அழைத்துச் செல்லும். 'கேட்' கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் (பூனைக்கும் இதற்கும் தொடர்பில்லை!). 'டபிள்யூசி' எண்ணிச் சொல்லும். 'தாம்பரம்' என்பதில் எத்தனை எழுத்து என்று அதனிடம் கேட்டோம். வரிமுடிவைக் கழித்தால் எட்டு என்றது. நமக்கு ஐந்து, யூனிகோடுக்கோ துணைக்காலும் இரு புள்ளிகளும் தனித்தனிக் குறிகள். "இதற்கு நன்னூல் சொல்லித்தர ஆளில்லை போலும்" என்றார் பெரியவர்.

பிழை திருத்த ஆறு வாரம் ஆயிற்று. பூச்சி தின்ற சொற்களைப் பெரியவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நிரப்பினோம்.

பக்கங்களை ஒரே கோப்பாக இணைத்து முடித்த இரவு, இனித் தேவையில்லாத தனிப்பக்கக் கோப்புகளை நீக்க எண்ணினோம். 'ஆர்எம்' என்று எழுதி, நட்சத்திரக் குறியிட்டு, அதையொட்டியே '.டிஎக்ஸ்டி' என்று எழுத வேண்டும். களைப்பில் நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. நட்சத்திரம் தனித்து நின்றால் அடைவிலுள்ள அனைத்தும் என்று பொருள். தாமரை என்னும் பூ, பிரித்துப் படித்தால் தாவும் மானாகிவிடும் என்று பொதுமொழி இலக்கணம் படித்தவர்கள்தாம் நாங்கள், என்ன பயன்? முனையம் 'நிச்சயமா?' என்று கேட்கவில்லை. '.டிஎக்ஸ்டி என்றொரு கோப்பு இல்லையே' என்று மட்டும் முறையிட்டது. இருந்தவற்றையெல்லாம் அழித்துவிட்டு, இல்லாத ஒன்றுக்காக! குப்பைத்தொட்டியில் தேடினோம். ஆர்எம் அழிப்பவை அங்கே போய் விழுவதில்லை என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இப்போதெல்லாம் எதை நீக்குமுன்னும் அதே குறியை முதலில் எல்எஸ்ஸுக்குக் கொடுத்து, என்னென்ன பட்டியலில் வருகின்றன என்று பார்க்கிறோம். ஆர்எம்முடன் '-ஐ' சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும். 'சிபி' கொண்டு பென்டிரைவில் ஒரு நகலும் வைக்கிறோம். புதிதாய்க் கற்கும் நண்பர்கள் இம்மூன்றையும் முதல் நாளே பழகிக்கொள்ளலாம்.

படங்கள் கைப்பேசியிலேயே இருந்தன. டெசராக்ட் ஒரே மாலையில் மீண்டும் படித்துத் தந்தது. திருத்தங்களைத்தான் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. இடையில் பெரியவர் நோயுற்றுத் தேறியிருந்தார். ஏரிக்கரையில் மாலையில் வந்திறங்கும் பறவையின் பெயர் 47ஆம் பக்கத்தில் அரிபட்டிருக்கிறது. முதல்முறை அவர் நாரை என்றதாக எங்களில் இருவர் உறுதியாகச் சொல்கிறார்கள். இம்முறை சற்று யோசித்து, உள்ளான் என்றார்.

"முன்பு நாரை என்றீர்களே, ஐயா?"

"அப்படியா சொன்னேன்?" என்று ஜன்னல் பக்கம் பார்த்தார்.

கோப்பில் இப்போது உள்ளான் என்று இருக்கிறது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாரை, ஒரு கேள்விக்குறியுடன்.